நாச்சம்மாள் பாடிய நாலு பாட்டு

சிங்காநல்லூரில் மகன் வீட்டுச் சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் பூவாத்தாள் தன் குரலைக் கேட்டாள். கடைசியாக அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மருமகள் கையில் போன். போனில் யாரோ ஒரு பெண் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பிக் காட்டுகிறாள். பின்னால் பாட்டு ஓடுகிறது. "கெணத்து மேட்டுக் காத்தே, சித்தெ நின்னு போ." மாண்டலின், கிளாரினெட், அவற்றுக்கு மேலே ஒரு பத்தொன்பது வயசுக் குரல். அந்தப் பெண் சேலையின் விலையைச் சொல்ல ஆரம்பித்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"அது நான் பாடுனது," என்றாள் பூவாத்தாள்.

மருமகள் நல்லவள். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அப்படிங்களா அத்தை," என்று சொல்லிவிட்டு விரலால் தள்ளி அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள்.

கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி வெளியூரில் மெச்சிப் பேசுவார்கள். பேசட்டும். அந்த மரியாதையை வைத்தே ஒரு ஆளை உயிரோடு இல்லாமல் செய்துவிட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே யாரும் முகத்துக்கு நேரே 'பொய்' என்று சொல்ல மாட்டார்கள். 'அப்படிங்களா' என்பார்கள். 'சரிங்க' என்பார்கள். எதிர்த்துப் பேசுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம். 'சரிங்க' என்கிறவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? எழுபத்தேழு வயதில் பூவாத்தாள் மாட்டிக்கொண்டது இந்தச் 'சரிங்க'விடம்தான்.

நடந்தது இதுதான். 1966. சூலூருக்குத் தெற்கே பூவாத்தாளின் அப்பா குமாரசாமிக்குப் பருத்திக்காடு இருந்தது. அவர் பருத்தி கொண்டுபோய்ப் போடும் ஜின்னிங் பாக்டரி முதலாளிக்குப் பாட்டுப் பைத்தியம். பைத்தியம் முற்றிப்போய், 'அன்னபட்சி' என்று பேர் வைத்து இசைத்தட்டுக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். பாட்டைப் பதிவு செய்ய அவரிடம் இருந்த இடம் பஞ்சுக் கோடவுன் ஒன்றுதான். நாலு சுவரையும் ஒட்டிக் கூரை வரைக்கும் பஞ்சுப் பொதியை அடுக்கி வெளிச் சத்தத்தை அடைத்தார். பக்கத்து மில்லின் சங்கு மட்டும் அதையும் மீறி உள்ளே வரும். அதனால் ஷிப்டு சங்கு ஊதி முடிந்த பிறகுதான் பாட்டை ஆரம்பிப்பது. மில்லின் சங்கீத சபாவிலிருந்து மூன்று பேர் வாசிக்க வந்தார்கள். மாண்டலின் வாசித்தவர் சுந்தரராஜுலு. மில்லில் பிட்டர் வேலை, இருபத்தாறு வயசு.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பூவாத்தாள் பாடியதை முதலாளி கேட்டிருந்தார். தோட்டத்துக்கே வந்து குமாரசாமியிடம் கேட்டார். குமாரசாமிக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. மகள் நன்றாகப் பாடுகிறாள் என்பது அவருக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணின் பேர் தட்டில் அச்சடித்து வருவதா?

"பாடட்டுமுங்க, வேண்டாங்கல. பேரு மட்டும் போடக்கூடாது. தட்டுல பேரு வந்தா மைக்செட்காரன் கையில, டீக்கடையில, கண்டவன் வாயில எல்லாம் பேரு பொழங்கும். நாளைக்கு என்ற பொண்ணப் பாக்க வர்றவன் என்னனு கேப்பான்?"

பேர் இல்லாமல் தட்டு அடிக்க முடியாது என்றார் முதலாளி. குமாரசாமி யோசித்தார். கொங்கு நாட்டில் அப்பன்களுக்கு இந்த மாதிரி இக்கட்டில் மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

"அப்ப எங்கக்கா பேரப் போட்டுக்குங்க. நாச்சம்மாள்னு. அவளுக்குக் கல்யாணம் ஆயி மூணு குழந்தைக இருக்குது. பேரு வெளிய போனாலும் இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

நாச்சம்மாள், பூவாத்தாளின் அத்தை. துணைக்கு வந்தவள். அவள் தாலாட்டுப் பாடினால் தூங்கப்போன குழந்தையும் எழுந்து அழும் என்று குடும்பத்தில் கேலி செய்வார்கள். ரெண்டு தட்டு, நாலு பாட்டு. நாலிலும் 'பாடியவர்: நாச்சம்மாள்' என்று அச்சாகி வந்தது. முதலாளி போட்டோ பிடிக்க ஆள் கூட்டிவந்திருந்தார். போட்டோவுக்கும் கல்யாணம் ஆகாத பெண் நிற்கக்கூடாது. அத்தையை மைக் முன்னால் நிறுத்தி, "பாடற மாதிரி வாயத் தொறங்க," என்றார் போட்டோக்காரர். அத்தை திறந்தாள். ஓரத்தில், பஞ்சுப் பொதியில் சாய்ந்தபடி, அத்தையின் கைப்பையை வைத்துக்கொண்டு பூவாத்தாள் நின்றாள். அவளில் பாதிதான் படத்தில் விழுந்தது.

எல்லாம் முடிந்ததும் குமாரசாமி வாசிக்க வந்த மூன்று பேரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினார். பாடியது யார் என்று ஆயுசுக்கும் வாய் திறக்கக்கூடாது. மகளிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. "ஏம்மா, புரிஞ்சுதா?" என்று கேட்டதோடு சரி. அவள் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலை நினைத்து இப்போதும் பூவாத்தாளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மறு வருஷமே வெள்ளகோவிலில் நூல்கடை வைத்திருந்தவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். புருஷன் தங்கமானவர். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மைக்செட்டில் அந்தக் கிணற்று மேட்டுப் பாட்டு வந்தது. அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமலே கேட்டார். "என்ன கொரலுடா இது," என்றார். மைக்செட்காரன் தட்டைப் பார்த்து நாச்சம்மாள் என்றான். அவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"உங்க அத்தை பேரில்ல இது?"

சொல்லியிருக்கலாம். அந்த மனுஷன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார், எதிர்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"எங்க அத்தையேதானுங்க," என்றாள் பூவாத்தாள்.

அன்றிலிருந்து சாகும் வரைக்கும் அவர் அந்தப் பாட்டுக்காரி தனக்கு உறவு என்று பத்துப் பேரிடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். பூவாத்தாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பொய்யை அப்பா ஆரம்பித்தார் என்பது உண்மைதான். அதற்குச் சோறு போட்டு வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

அத்தை நாச்சம்மாள் கதை இன்னும் வேடிக்கை. முதலில் நாலைந்து வருஷம் யாராவது பாட்டைப் பற்றிக் கேட்டால் நெளிவாள். பிறகு நெளிவது நின்றது. விசேஷ வீட்டில் பாடச் சொன்னால், சித்திரை வெயிலில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "பனிக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க," என்பாள். அறுபது வயசுக்கு மேல் பாடியது தான்தான் என்று அவளே நம்பிவிட்டாள். பூவாத்தாளிடமே ஒருமுறை சொன்னாள்: "அன்னிக்குப் பஞ்சுத் தூசு தொண்டையில போயி எனக்கு இருமல் வந்துபோச்சு பாரு, அப்படியே தட்டுல ஏறிப்போச்சு." பூவாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தச் சின்ன இருமல், அது பூவாத்தாளின் இருமல். பாட்டைக் கொடுத்தாயிற்று, பேரைக் கொடுத்தாயிற்று, இருமலையுமா? "ஆமாங்க அத்தை," என்றாள். தொண்ணூற்றொன்பதில் அத்தை செத்துப்போனாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஜின்னிங் பாக்டரியும் போய், அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. யாரும் அந்தத் தட்டுகளைத் தேடவில்லை, விஷயம் அதோடு அமுங்கிப்போனது என்றுதான் பூவாத்தாள் நினைத்தாள். அமுங்கியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

போனில் பாட்டைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம், மோட்டார் பம்புக் கடையிலிருந்து வந்த மகன் மோகன்குமாரிடம் சொன்னாள். அவன் விசாரித்துச் சொன்னான். பெங்களூரில் ஹர்ஷா என்று ஒரு பையன். பழைய இரும்புக் கடைகளில் தட்டுப் பொறுக்குவதே அவனுக்குப் பொழுதுபோக்கு. பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து புதுத் தட்டாக மறுபடி வெளியிடுகிறான். யாரும் கண்டுகொள்ளாமல் போன அறுபதுகளின் பாடகர்களைத் தேடித் தேடிப் போடுகிறான். அன்னபட்சித் தட்டுகள் கையில் கிடைத்ததும், நாச்சம்மாள் குடும்பத்தாரைத் தெரியுமா என்று நெட்டில் கேட்டிருக்கிறான். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் கிருபாசங்கர், நாச்சம்மாளின் மகன் வயிற்றுப் பேரன், "எங்க ஆத்தாதான்," என்று பதில் எழுதியிருக்கிறான். மாண்டலின் வாசித்த சுந்தரராஜுலுவைக்கூடப் பல்லடத்தில் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தாயிற்று. தட்டு அச்சாகி வந்துவிட்டது. அடுத்த மாதம் வெளியீட்டு விழா.

"செத்துப்போன பாட்டுக்காரின்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"ஆமாங்கம்மா. 1999னு போட்டிருக்குது."

அதுதான் அவளைக் குடைந்தது. பேர் போனது பழைய கதை. ஆனால் உலகமே அந்தக் குரலைக் கேட்டு, 'ஐயோ, இவள் இப்போது இல்லையே' என்று உச்சுக்கொட்டுகிறது. அவளோ சிங்காநல்லூரில் அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாவதற்குள் ஒரே ஒருத்தராவது, ஒரே ஒரு தடவையாவது, 'பூவாத்தா, நீ பாடுனதா இது' என்று கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அது பெரிய ஆசை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மகனைக் கூட்டிக்கொண்டு சரவணம்பட்டிக்குப் போனாள். கிருபாசங்கர் ஒன்பதாவது மாடியில் இருந்தான். "வாங்க பெரியம்மா, வாங்க," என்று ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்தான். காபி வந்தது, முறுக்கு வந்தது. புதுத் தட்டைக் கொண்டுவந்து காட்டினான். உறை முழுக்க அத்தை, வாயைத் திறந்தபடி. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். அதில் அதே போட்டோ முழுசாக இருந்தது. ஓரத்தில் பாதியாக நின்ற பெண்ணைக் காட்டிக் கீழே அச்சடித்திருந்ததை மோகன்குமார் படித்தான்: "துணைக்கு வந்த உறவுப் பெண்."

பூவாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா போட்ட நிபந்தனை, போட்டோ, சத்தியம், எதையும் விடவில்லை. கிருபாசங்கர் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்துத் தரையைப் பார்த்தான்.

"பெரியம்மா, ஆத்தா எங்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்காங்க. பஞ்சு தொண்டையில போயி இருமுனதுகூடச் சொல்லியிருக்காங்க. சாகறப்ப என்ற கையப் புடிச்சுட்டு, 'எம்பாட்டு எங்கயாச்சும் கெடச்சா எடுத்து வை சாமி'ன்னாங்க. எனக்குப் பதினாலு வயசு அப்ப. அதத் தேடித்தானுங்க இத்தன வருஷம்..."

அவன் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்கிறவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவன் பொய் சொல்லவில்லையே. செத்தவளும் கடைசியில் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.

"அந்த இருமல் என்றது கண்ணு," என்றாள்.

"சரிங்க பெரியம்மா," என்றான் கிருபாசங்கர், மெதுவாக. "இன்னொரு முறுக்கு எடுத்துக்குங்க."

அந்தப் பாட்டை அங்கேயே பெரிய ஸ்பீக்கரில் போட்டான். அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ரெண்டாவது சரணத்துக்குக் காத்திருந்தாள். மாண்டலின் வந்தது, உடனே குரல் வந்தது. நடுவில் இருமலைக் காணோம். ஹர்ஷா மூன்று நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அதைத் துடைத்து எடுத்தான் என்று கிருபாசங்கர் பெருமையாகச் சொன்னான்.

திரும்பி வரும்போது மோகன்குமார்தான் கார் ஓட்டினான். கணபதி சிக்னலில் நின்றபோது, "அம்மா, சொந்தம் ஒறம்பறைக்குள்ள மனஸ்தாபம் வேண்டாமுங்க," என்றான். அடுத்த வாரம், வேறு ஏதோ பரிசோதனை என்று சொல்லி அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவள் மளமளவென்று கழித்தாள். ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் மோகன்குமாருக்கு ஒரே குழப்பம். பெற்ற பிள்ளை இப்படிச் சோதித்துப் பார்த்தது அவளுக்கு வலித்தது. ஆனால் அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மா பாடி அவன் கேட்டதே இல்லை. தாலாட்டுக்கூட மெல்ல முணுமுணுத்துத்தான் பாடுவாள், குரலை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்ற பயத்தில்.

முதலாளியும் வாசித்த மற்ற ரெண்டு பேரும் எப்போதோ போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு சாட்சி, மாண்டலின்காரர். மகனிடம் சொல்லாமல், கோவிலுக்கு என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, பல்லடம் பஸ்ஸில் ஏறினாள்.

சுந்தரராஜுலுவுக்கு எண்பத்துநாலு வயசு. மகள் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டு இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். எட்டுத் தறியும் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் அடையாளம் கண்டுகொண்டார். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"குமாரசாமியண்ணன் பொண்ணுதானே அம்மணி நீ? கெணத்து மேட்டுக் காத்தே! என்ன பாட்டு பாடுனே அன்னிக்கு! அந்த மேல் ஸ்தாயில நீ போயி நின்னப்ப எனக்குக் கை நடுங்கிப்போச்சு."

பூவாத்தாள் கட்டில் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். கேட்க நினைத்த வார்த்தையை ஒரு மனுஷர் சொல்லிவிட்டார். ஆனால் தறிச் சத்தத்தில் அது அவள் ஒருத்தி காதில்தான் விழுந்தது.

"அண்ணா, இத அந்தப் பெங்களூர்ப் பையன்கிட்டச் சொல்லோணுமுங்க. விழா நடக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அதெப்படி அம்மணி? உங்கப்பன் கையடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரே."

"அப்பா செத்து முப்பது வருஷமாச்சுங்க அண்ணா!"

"அதத்தான் சொல்றேன். அவரு இருந்தாலாவது போயிக் கேட்டுச் சத்தியத்தத் திருப்பி வாங்கிக்கலாம். செத்தவருகிட்ட எப்படி வாங்கறது?" கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "அந்தப் பசங்க கேமராவோட வந்தாங்க. நாச்சம்மான்னுதான் சொல்லிப்போட்டேன். எம்பேரன் போன்லகூட ஓடுது. இனி மாத்திச் சொன்னா, இந்த வயசுல பொய்யன்னு பேராகிப்போகும்."

பொய் சொன்னது யார், பொய்யன் என்று பேரெடுக்கப் பயப்படுவது யார்? பூவாத்தாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நேரம் கரண்டு போனது. எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. திடீரென்று வந்த அமைதியில் உள்ளேயிருந்து அவர் மகள் காபியோடு வந்து, "யாருங்கப்பா?" என்று கேட்டாள்.

சுந்தரராஜுலு பூவாத்தாளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, அடங்கிய குரலில் சொன்னார். "பாடுனாங்களே நாச்சம்மா, அவங்க அண்ணன்... தம்பி பொண்ணு."

பூவாத்தாள் காபியைக் குடித்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்க அண்ணா," என்று எழுந்தாள். அவர் கும்பிட்டார். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். சாட்சி வேண்டாம். பாடியவள் பாடினால் போயிற்று. எழுபத்தேழு வயசானாலும் குரல் செத்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வருஷமாகச் செலவழிக்காமல் வைத்திருந்த குரல். விழாவுக்கு இருந்த பத்து நாளும், வீட்டில் எல்லோரும் வெளியே போனபிறகு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பழகினாள். மேல் ஸ்தாயி கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நின்றது.

விழா ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, சரவணம்பட்டியில் ஒரு காபிக் கடையின் மாடியில். இளவட்டங்கள் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். வாசலில் அக்ஷயா என்று ஒரு கல்லூரிப் பெண், பூவாத்தாளின் பச்சைச் சேலையில் 'குடும்பத்தினர்' என்று ஒரு அட்டையைக் குத்திவிட்டாள். மேடையில் அத்தையின் போட்டோ பெரிதாக நின்றது. ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு. ஓரத்தில் நின்ற பாதிப் பெண்ணை வெட்டியெடுத்திருந்தார்கள்.

ஹர்ஷா ஒல்லியான பையன், பணிவான பையன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அம்மா, முதல் தட்டை நாச்சம்மாள் சார்பில் நீங்கதான் வாங்கிக்கணும். அவங்க குடும்பத்துல அன்னைக்கு ஸ்டூடியோவில் கூட இருந்தவங்க இப்ப நீங்க ஒருத்தர்தானே," என்றான். அவள் பாட்டை அவள் கையில் கொடுத்தார்கள், அத்தையின் சார்பில். சால்வை போர்த்தினார்கள். கைத்தட்டினார்கள். மோகன்குமார் முன்வரிசையிலிருந்து போட்டோ எடுத்தான்.

"ஒரு வார்த்தை பேசுங்கம்மா," என்று மைக்கை நீட்டினான் ஹர்ஷா.

அவள் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். "கெணத்து மேட்டுக் காத்தே, சித்தெ நின்னு போ." முதல் வரியிலேயே கூட்டம் அடங்கிவிட்டது. ஸ்பூன் சத்தம்கூட இல்லை. முதல் சரணம் தாண்டினாள். ரெண்டாவது சரணத்துக்கு முன்னால், அன்றைக்கு இருமிய இடத்தில், வேண்டுமென்றே இருமினாள். மேல் ஸ்தாயிக்குப் போனாள். நடுங்கியது, நின்றது. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள். இனி யார் மறுக்க முடியும்? வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைத்தட்டியது. முதலில் மேடைக்கு ஓடிவந்தது கிருபாசங்கர். அவன் முகமெல்லாம் கண்ணீர். அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பெரியம்மா... அப்படியே எங்க ஆத்தா கொரலுங்க. அப்படியே! அந்த இருமல்கூட!"

ஹர்ஷா மைக்கை வாங்கிக்கொண்டான். அவன் குரலும் தழுதழுத்தது. "பாத்தீங்களா? குரல் ரத்தத்தில் ஓடுதுங்க. நாச்சம்மாள் போயிட்டாங்க, ஆனா அவங்க தம்பி மகள் தொண்டையில இன்னும் இருக்காங்க."

மறுபடி கைத்தட்டல். இந்தத் தடவை இன்னும் பலமாக. பூவாத்தாள் வாயைத் திறந்தாள். "அது அத்தை இல்லைங்க, நாந்தான்," என்றாள். மைக் ஹர்ஷா கையில் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்கள் தலையசைத்துக் கைகூப்பினார்கள். "ஆமாங்கம்மா, நீங்கதான் அவங்க," என்றாள் ஒருத்தி, மனசார. முன்வரிசையில் மோகன்குமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா பாடுவாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

இருந்த ஒரே சொத்து அந்தக் குரல். அதையும் எடுத்து நீட்டியாயிற்று. வாங்கி அத்தையின் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். இனி அவளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"மறைந்த பாடகி நாச்சம்மாளுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்," என்று அறிவித்தான் ஹர்ஷா.

நூறு பேரும் எழுந்து தலை குனிந்தார்கள். பூவாத்தாளும் நின்றாள். உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது. தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டாள். கீழே தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எல்லோரும் காபிக்குக் கலைந்த பிறகு, அட்டை குத்திவிட்ட அக்ஷயா ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, நீங்க அவங்க பாடறப்ப நேர்லயே பாத்திருக்கீங்கல்ல? எப்படி இருப்பாங்க?"

பூவாத்தாள் தண்ணீரைக் குடித்தாள். மேடையில் வாயைத் திறந்துகொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கும் பத்தொன்பது வயசுதான் இருக்கும்.

"ஒல்லியா இருப்பா கண்ணு. நல்லாப் பாடுவா. ஆனாப் பயந்தாங்கொள்ளி. அப்பன் சொன்னா மறுபேச்சுப் பேச மாட்டா. அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தான்னா, இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா."

"அச்சச்சோ, பாவமுங்க பாட்டி," என்றாள் அக்ஷயா. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "இதோ வாரேனுங்க," என்று எழுந்து போனாள்.